வேலையை விடாமல் ஒரு மேற்படிப்பு

பிழைப்பின் பொருட்டு மும்பை, புனே, டில்லி, ஐதராபாத், ஆமதாபாத் முதலிய நகரங்களில் குடியேறியிருக்கும் தமிழர்களுள், சரக்கோடு தொடர்புடைய உத்தியோகங்களில் இருப்போர் பலர். ஒருவர் கொள்முதல் பிரிவில் இருக்கிறார். ஒருவர் கிடங்குக்குப் பொறுப்பாளர். மற்றொருவர் லாரிகளை ஏற்பாடு செய்து சரக்கை அனுப்புகிறார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து, தொழிலின் நெளிவு சுளிவுகளை அறிந்த பின்பு, பதவி உயர்வு ஒரு படியோடு நின்றுவிடுவதை இவர்களிற் சிலர் காண்கின்றனர். அதற்கு மேலுள்ள இடங்களுக்கு முதுநிலைப் படிப்பு வேண்டும் என்கிறார்கள். வேலையை விட்டுக் கல்லூரிக்குச் செல்வதோ இயலாத காரியம். வீட்டு வாடகையும், குழந்தைகளின் பள்ளிக் கட்டணமும், ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் தொகையும் ஒரு மாதமும் காத்திருக்க மாட்டா.

இத்தகையோருக்காகவே பகுதிநேர முதுநிலைப் படிப்புகள் ஏற்பட்டிருக்கின்றன. அவற்றுள் ‘விநியோகச் சங்கிலி’ நிர்வாகத்தில் தலைமை ஏற்பதற்குரிய படிப்பு ஒன்று. அது எதைக் கற்பிக்கிறது, அதனால் என்ன பயன், சேருமுன் எவற்றை ஆராய வேண்டும் என்பவற்றை இங்கே பார்ப்போம்.

சங்கிலி என்பது யாது?

ஜாம்ஷெட்பூரில் உருவாகும் எஃகு, புனேயிலுள்ள ஒரு பட்டறைக்கு வந்து பற்சக்கரமாகிறது என்று வைத்துக்கொள்வோம். பற்சக்கரம் மோட்டார்த் தொழிற்சாலைக்குச் சென்று வண்டியில் பொருத்தப்படுகிறது. வண்டி விற்பனையாளரை அடைந்து, பின் வாங்குபவர் கைக்கு வருகிறது. பொருள் இவ்வாறு ஒரு திசையில் செல்ல, பணமும், எவ்வளவு தேவை என்ற செய்தியும் எதிர்த்திசையில் வருகின்றன. இம்மூன்று ஓட்டங்களும் சேர்ந்ததே விநியோகச் சங்கிலி. அலுவலகங்களில் இதனைச் ‘சப்ளை செயின்’ என்கிறோம். கீத் ஆலிவர் என்ற ஆலோசகர் 1982ஆம் ஆண்டில் இந்தப் பெயரை வழக்கிற்குக் கொண்டுவந்தார்.

உத்தியோகம் நமக்கு இச்சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டுமே காட்டுகிறது. அந்த ஒரு கண்ணியை எத்தனை ஆண்டு பார்த்தாலும் முழுச் சங்கிலியின் போக்கு புலப்படுவதில்லை. அதை விளக்கும் உதாரணம் ஒன்றைக் கூறுவோம்.

ஒரு கடையில் வாரத்திற்கு 100 சோப்புப் பெட்டிகள் விற்கின்றன. ஒரு வாரம் 110 விற்கின்றன. தேவை பெருகுகிறது என்று கருதிய கடைக்காரர், கையிருப்புக்கும் சேர்த்து 120 கேட்கிறார். மொத்த வியாபாரி தம் பங்குக்கு 140 கேட்கிறார். தொழிற்சாலை 180 தயாரிக்கத் திட்டமிடுகிறது. அடுத்த வாரம் விற்பனை பழையபடி 100 ஆகிவிட்டால், தொழிற்சாலையில் சரக்கு தேங்கி, வேலையாட்களுக்கு வேலை குறைகிறது. இதில் குற்றவாளி ஒருவரும் இல்லை. ஒவ்வொருவரும் தம் அறிவுக்கு எட்டியவரை முறையாகவே நடந்துகொண்டனர். சாட்டையின் பிடியைச் சிறிது அசைத்தால் நுனி வெகுதூரம் வீசுவது போன்றது இது. அமெரிக்காவிலுள்ள மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜே ஃபாரஸ்டர் என்பவர் இந்த நிகழ்ச்சியை 1958ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டு விளக்கினார். கடையின் உண்மையான விற்பனைக் கணக்கை மூவரும் அன்றன்றே காணும்படி செய்வது இதற்கு முக்கியமான பரிகாரம். ஆனால் பரிகாரத்தை ஏற்பாடு செய்ய, மூன்று இடங்களையும் சேர்த்துப் பார்க்கும் ஒருவர் வேண்டும். அத்தகைய பார்வையைப் பழக்குவதே இப்படிப்பின் முதல் நோக்கம்.

கணக்கும் அனுபவமும்

இரண்டாவதாக, அனுபவத்தால் ஊகித்துச் செய்வதைக் கணக்கால் சோதிக்கக் கற்பிக்கிறார்கள். ஓர் உதிரிப்பாகம் ஆண்டுக்கு 3600 வேண்டும். ஒவ்வொரு முறை கொள்முதல் ஆணை பிறப்பிக்கவும் 200 ரூபாய் செலவாகும். ஓர் உருப்படியை ஓராண்டு கிடங்கில் வைத்திருக்க 4 ரூபாய் செலவு என்று கொள்வோம். ஆண்டுக்கு ஒரே முறை மொத்தமாக வாங்கினால் ஆணைச் செலவு 200 ரூபாய்தான். ஆனால் சராசரி இருப்பு 1800 ஆதலால் வைப்புச் செலவு 7200 ரூபாய். மொத்தம் 7400. மாதந்தோறும் 300 வாங்கினால் மொத்தம் 3000. இரண்டு மாதத்திற்கு ஒரு முறை 600 வாங்கினால் ஆணைக்கு 1200, வைப்புக்கு 1200, ஆக 2400. இதுவே மிகக் குறைந்த செலவு. ஃபோர்டு ஹாரிஸ் என்ற பொறியியலாளர் 1913ஆம் ஆண்டில் வெளியிட்ட சூத்திரம் இந்த அளவை ஒரே வரியில் தந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. 600க்குப் பதிலாக 800 வாங்கினாலும் மொத்தச் செலவு 2500 ரூபாய்க்கு மேல் போவதில்லை. ஆகவே, லாரி நிறைய ஏற்றுவதற்காக அளவைச் சிறிது கூட்டினால் நஷ்டம் அற்பமே. சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இது தெரியாது. கிடங்கை மட்டும் அறிந்தவருக்கும் தெரியாது. இரண்டையும் அறிந்தவருக்கே விளங்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். வேலையில் இருந்துகொண்டு படிப்பவருக்கு அந்தக் குறை இல்லை. மாலையில் படித்ததை மறுநாள் காலையில் தம் கிடங்கிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு சரக்கு வந்து சேரச் சராசரி பத்து நாள் ஆகிறது என்று பதிவேடு கூறும். தேதிகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால் ஒரு முறை ஆறு நாளும் மற்றொரு முறை பதினெட்டு நாளும் ஆகியிருக்கும். அதிகப்படி இருப்பை வைக்கச் செய்வது பெரும்பாலும் சராசரி அன்று, இந்த ஏற்ற இறக்கமே. இத்தகைய பதிவேடுகளைக் கொண்டே நல்லதோர் ஆய்வுக் கட்டுரை எழுதலாம். நிறுவனத்தின் அனுமதியை மட்டும் எழுத்து மூலம் பெற்றுக்கொள்ள வேண்டும்.

இப்போது ஏன்?

2017ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதிக்கு முன், மாநிலம் விட்டு மாநிலம் விற்கும் சரக்குக்கு மத்திய விற்பனை வரி இருந்தது. அதைத் தவிர்க்க வேண்டிப் பல நிறுவனங்கள் மாநிலத்துக்கு ஒரு கிடங்கு வைத்திருந்தன. சரக்கு சேவை வரி வந்தபின் அந்தக் காரணம் மறைந்தது. மாநில எல்லைகளில் விற்பனை வரிச் சோதனைச் சாவடிகளும் எடுக்கப்பட்டன. பல சிறு கிடங்குகளுக்குப் பதிலாகச் சில பெரிய கிடங்குகள் தோன்றின. வரியை வைத்து முடிவு செய்த இடத்தைத் தூரமும் காலமும் முடிவு செய்யலாயின. பின்னர் 2021ஆம் ஆண்டில் ‘கதி சக்தி’ திட்டமும், 2022 செப்டம்பரில் தேசியச் சரக்குப் போக்குவரத்துக் கொள்கையும் அறிவிக்கப்பட்டன. இவற்றின் விளைவு நம்மவருக்கு நேரே தொடர்புடையது. சிறு கிடங்கு மூடப்படும்போது அதன் கணக்கை மட்டும் அறிந்தவர் இடமின்றி நிற்பார். பல கிடங்குகளை இணைத்துப் பார்க்கத் தெரிந்தவருக்குப் பெரிய கிடங்கில் இடம் உண்டு.

தலைமை என்பதும் இதுவே. கொள்முதல் பிரிவு விலைச் சலுகைக்காக மொத்தமாக வாங்க விரும்பும். கிடங்கு இடமில்லை என்னும். கணக்குப் பிரிவு பணம் முடங்குகிறது என்னும். விற்பனைப் பிரிவோ எல்லாச் சரக்கும் எப்போதும் இருக்க வேண்டும் என்னும். நால்வர் சொல்வதிலும் நியாயம் உண்டு. நால்வரையும் ஒரு மேசையில் அமர்த்தி, ஒரே கணக்கை முன்வைத்து, ஒரு முடிவுக்குக் கொண்டுவருபவரே தலைவர்.

எங்கே படிப்பது?

1985ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் செயற்பாட்டு நிர்வாகத்தைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட முதுநிலைப் பட்டத்தை அளிக்கிறது. குறைந்தது இரண்டு ஆண்டு. நான்கு ஆண்டு வரை நீட்டிக்கொள்ளலாம். வேறு ஊருக்கு மாற்றலானால் மண்டல மையத்தையும் மாற்றிக்கொள்ள வசதி இருப்பது, அடிக்கடி இடம் மாறுவோருக்குப் பெரிய அனுகூலம். 1963ஆம் ஆண்டில் மும்பையில் தொடங்கிய தேசியத் தொழிற்பொறியியல் பயிற்சி நிறுவனம் இத்துறையில் நெடுங்காலப் பெயர் பெற்றது. 2023ஆம் ஆண்டில் அது மும்பை இந்திய மேலாண்மைக் கழகம் ஆயிற்று. வடோதராவிலுள்ள கதி சக்தி பல்கலைக்கழகம் 2022ஆம் ஆண்டில் போக்குவரத்துத் துறைக்கென்றே மத்தியப் பல்கலைக்கழகமாக ஆக்கப்பட்டது. இவற்றில் எந்தப் பாடம் எவ்வாண்டு பகுதிநேரமாக நடைபெறுகிறது என்பதை அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பிலிருந்தே தெரிந்துகொள்ளல் வேண்டும்.

சேருமுன் கேட்க வேண்டியவை

இங்கேதான் மிகுந்த எச்சரிக்கை தேவை. பட்டம் வேறு, பட்டயம் வேறு, சான்றிதழ் வேறு. புகழ்பெற்ற கழகத்தின் பெயரைத் தாங்கிய ஆறுமாதச் சான்றிதழ், அறிவுக்குப் பயன்படலாம். ஆனால் முதுநிலைப் பட்டம் கேட்கும் உத்தியோகத்துக்கு அது பட்டமாகாது. விளம்பரங்களில் இந்த வேற்றுமை சிறிய எழுத்தில் இருக்கும். லட்சக்கணக்கான ரூபாயை மாதத் தவணையில் கடனாக ஏற்பாடு செய்து தருவோரும் உண்டு. படிப்பை நடுவில் விட்டாலும் தவணை நம்மை விடாது.

ஆகையால் மூன்று கேள்விகளைக் கேட்போம். முடிவில் கிடைப்பது என்ன, அதில் கையொப்பமிடுவது எந்தப் பல்கலைக்கழகம்? தொலைநிலை, இணையவழிப் பாடங்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிடும் அங்கீகாரப் பட்டியலில், அந்தப் பாடம் நாம் சேரும் பருவத்துக்கு உள்ளதா? நம் நிறுவனம் அதனைப் பதவி உயர்வுக்கு ஏற்றுக்கொள்ளுமா? அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் நேர்வகுப்புப் பட்டமும் சமமே என்று மானியக் குழு 2022ஆம் ஆண்டில் அறிவித்தது. அதேபோல், பல்கலைக்கழகங்கள் தம் பாடங்களை வேறு வியாபார நிறுவனத்திடம் குத்தகை விடுவது போல் ஒப்படைக்கக் கூடாதென்றும் எச்சரித்தது. மூன்றாம் கேள்விக்கு விடையை மேலதிகாரியிடம் எழுத்தில் பெறுவது நல்லது.

காலமும் குடும்பமும்

வாரத்துக்குப் பத்து மணி நேரமாவது ஒதுக்க இயலாதவர் இப்போது சேராதிருப்பதே நலம். மார்ச்சில் கணக்கு முடிப்பும், தீபாவளியையொட்டி விற்பனை நெருக்கமும் வரும். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் நடைபெறுகின்றன. தீபாவளி முடிந்து டிசம்பர் தேர்வுக்குப் படிக்கலாம் என்று எண்ணினால் நாள் போதாது. ஆடி ஆவணியிலேயே தொடங்கிவிட வேண்டும். உற்றார் அருகில் இல்லாத வெளியூரில், ஒருவர் படிக்கும் இரண்டு ஆண்டும் வீட்டில் மற்றவர் இரட்டைப் பாரம் சுமப்பார். எனவே முடிவை இருவரும் சேர்ந்து செய்வதே முறை. படிப்பவர் பெண்ணாயின் ஆண் அந்தப் பாரத்தை ஏற்பதும் அதே முறைதான்.

பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதைக் கண்டு தயங்க வேண்டியதில்லை. ஒரே ஊரில் படிக்கும் நாலைந்து தமிழர் ஞாயிறுதோறும் கூடி, படித்ததைத் தமிழில் ஒருவருக்கொருவர் விளக்கிப் பார்க்கலாம். தாய்மொழியில் எடுத்துச் சொல்ல முடிந்தது எதுவோ, அதுவே நமக்கு உண்மையில் விளங்கியது. தேர்வில் அதை ஆங்கிலத்தில் எழுதுவது பிறகு எளிது.