மணலையும் உப்பையும் தாங்கும் ரீல்: கடற்கரைத் தூண்டிலுக்குத் தேர்வு செய்வது எப்படி?

தமிழகத்தின் 14 கடலோர மாவட்டங்களில் வயல், தென்னை, சவுக்கு, உப்பளம் என்று உழைக்கும் பல குடும்பங்களுக்குக் கடற்கரை நடந்து போகும் தூரம்தான். அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடையில் கிடைக்கும் நாட்களில் கரையில் நின்று தூண்டில் போடுவது இவர்களுக்குப் பழகிய வேலை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உள்ளது. இந்த நாட்களில் சந்தைக்கு வரத்து குறையும். மீன் விலையும் ஏறும். கரையில் பிடிக்கும் கிழங்கானும் காலாவும் பாறையும் வீட்டுக் குழம்புக்குப் போக, கைச்செலவுக்கும் ஆகும்.

முன்பெல்லாம் தங்கூஸ் நரம்பைக் கட்டையில் சுற்றி வைத்து, கையாலேயே வீசுவார்கள். இப்போது ராடும் ஸ்பின்னிங் ரீலும் கிராமங்கள் வரை வந்துவிட்டன. அலை உடையும் இடத்தைத் தாண்டி ஈயத்தை வீச முடிவதால் மீன் கிடைக்கும் வாய்ப்பு கூடியிருக்கிறது. ஆனால், பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய ரீல் ஒரே பருவத்தில் இறுகிவிட்டது, கரகரவென்று சத்தம் போடுகிறது, கைப்பிடி பின்பக்கம் சுழல்கிறது என்ற புகார்களும் கூடவே வருகின்றன. பெரும்பாலும் இதற்குக் காரணம், ஏரிக்கும் குளத்துக்கும் ஏற்ற ரீலைக் கடற்கரைக்கு வாங்குவதுதான்.

கடற்கரையில் ரீல் ஏன் சீக்கிரம் கெடுகிறது?

முதல் எதிரி மணல். மணலில் அதிகம் இருப்பது குவார்ட்ஸ் என்ற கனிமம். கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7. ரீலின் கியருக்கும் உடலுக்கும் பயன்படும் பித்தளையும் அலுமினியமும் ஏறத்தாழ 3. கன்னியாகுமரி, தூத்துக்குடி பகுதிகளில் கரையில் படியும் தாது மணலில் உள்ள கார்னெட்டும் குவார்ட்ஸ் அளவுக்குக் கடினமானது. கிரீஸில் நான்கு மணல் துகள் ஒட்டினாலும், ஒவ்வொரு சுற்றிலும் அவை கியர் பல்லை அரம் போல ராவிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது எதிரி உப்பு. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. நீர் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே தங்கும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மறுபடியும் உலோகத்தை அரிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்று நினைக்கிறோம். உப்பில் உள்ள குளோரைடு அதிலும் ஊசிமுனை போன்ற குழிகளை உண்டாக்கும். அலுமினிய உடலில் ஸ்டீல் திருகு இறங்கும் இடத்தில் உப்புநீர் நின்றால், அங்கே அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். பிறகு திருகைக் கழற்றவே முடியாது.

ஆகவே கடற்கரை ரீலைத் தேர்வு செய்யும்போது, ‘எவ்வளவு மென்மையாகச் சுழல்கிறது’ என்பதைவிட, ‘மணலும் உப்புநீரும் உள்ளே போகாமல் எப்படித் தடுக்கிறது, போனால் கழற்றிச் சரிசெய்ய முடியுமா’ என்பதையே முதலில் பார்க்க வேண்டும். மோட்டார் பம்பு வாங்கும்போது சீல், பேரிங், உதிரிபாகம் ஆகியவற்றை விசாரிப்பது போலத்தான் இதுவும்.

பேரிங் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம்

பெட்டியின் மேல் ‘10+1’, ‘12+1’ என்று பேரிங் எண்ணிக்கையைப் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். பேரிங் கூடக்கூட உப்புநீர் கெடுக்கும் இடமும் கூடும். இருபுறமும் மூடிய தரமான ஸ்டெயின்லெஸ் பேரிங் 4 முதல் 6 இருந்தாலே கடற்கரைக்குப் போதும். எண்ணிக்கையைவிட, அவை எங்கே இருக்கின்றன என்பதே முக்கியம். பிரதான கியரின் இருபுறமும், பினியன் கியரிலும், லைன் ரோலரிலும் பேரிங் இருக்க வேண்டும்.

இவற்றில் முதலில் கெடுவது லைன் ரோலர். கடலிலிருந்து வரும் நனைந்த நரம்பு, மணலையும் உப்பையும் சுமந்துகொண்டு இந்தச் சிறு உருளையின் மேல்தான் ஏறி வருகிறது. ரோலர் இறுகி நின்றுவிட்டால், நரம்பு ஒரே இடத்தில் உரசிப் பிய்ந்துபோகும். பெரிய மீன் மாட்டும்போது நரம்பு அறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடலும் கியரும்

ரீல் உடல் பொதுவாக இரண்டு வகை. கிராஃபைட் அல்லது கார்பன் கலந்த பிளாஸ்டிக் உடல் அரிக்காது, எடையும் குறைவு. ஆனால் பளு அதிகமானால் சற்று வளையும்; அப்போது கியர் பற்கள் சரியாகப் பொருந்தாமல் தேயும். அலுமினிய உடல் வளையாது. ஆனால் பெயின்ட் பெயர்ந்த இடத்தில் அரிப்பு தொடங்கும். கிழங்கான் போன்ற சிறு மீனுக்கு 60 கிராம் வரை ஈயம் வீசுபவர்களுக்கு நல்ல கிராஃபைட் உடல் போதும். கழிமுகத்தில் கொடுவா, பாறை, பெரிய காலா ஆகியவற்றைக் குறிவைத்து 80 முதல் 120 கிராம் ஈயம் வீசுபவர்கள் அலுமினிய உடலை வாங்கலாம்.

விலை குறைந்த ரீல்களில் துத்தநாகக் கலவையை வார்த்துச் செய்த கியர் இருக்கும். பினியன் பித்தளையாகவும், பிரதான கியர் கடைந்தெடுத்த அலுமினியம் அல்லது பித்தளையாகவும் இருப்பது நல்லது. கைப்பிடியிலும் கவனம் தேவை. மறுபக்கத் திருகைக் கழற்றி மடக்கும் வகையைவிட, கைப்பிடியையே நேரடியாகக் கியருக்குள் திருகிப் பொருத்தும் வகையில் ஆட்டம் குறைவு.

சீல் குறியீட்டை எப்படிப் புரிந்துகொள்வது?

விலை கூடிய ரீல்களில் ஐ.பி.எக்ஸ்.5, ஐ.பி.எக்ஸ்.6 என்ற குறியீடு இருக்கும். உதாரணமாக, பென் நிறுவனத்தின் ஸ்பின்ஃபிஷர் 6-வது வரிசை ரீல்கள் ஐ.பி.எக்ஸ்.5 தரம் கொண்டவை. 5 என்றால் பக்கத்திலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் பீய்ச்சும் நீரைத் தாங்கும். 6 என்றால் 100 லிட்டர் வீதம் பீய்ச்சும் நீரைத் தாங்கும். 7 என்றால் 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கினாலும் தாங்கும்.

இந்தக் குறியீட்டில் ‘எக்ஸ்’ இருக்கும் இடம், தூசு போன்ற திடப்பொருளைத் தடுக்கும் தரத்துக்கான இடம். அங்கே எண் இல்லாமல் ‘எக்ஸ்’ இருந்தால், தூசுக்கான தரம் குறிக்கப்படவில்லை என்று பொருள். மேலும் இந்தச் சோதனை நல்ல தண்ணீரில், புது ரீலில் செய்யப்படுவது. எனவே சீல் வைத்த ரீலானாலும் மணலில் போடக் கூடாது. ரப்பர் சீல் நாளடைவில் தேயும் என்பதால் சர்வீஸும் தேவைப்படும்.

டிராக் எவ்வளவு வேண்டும்?

பெரிய மீன் இழுக்கும்போது நரம்பு அறாமல், ஸ்பூல் வழுக்கி நரம்பை விட்டுக்கொடுக்கும் அமைப்புதான் டிராக். ‘அதிகபட்ச டிராக் 20 கிலோ’ என்பதெல்லாம் விளம்பரத்துக்குத்தான் உதவும். நரம்பின் தாங்கு திறனில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை டிராக் வைப்பதே நடைமுறை. 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோ தாங்கும் நரம்புக்கு இரண்டேகால் முதல் 3 கிலோ வைத்தால் போதும். வீட்டிலுள்ள கொக்கித் தராசை நரம்பில் மாட்டி இழுத்துப் பார்த்தே இதைச் சரிபார்க்கலாம்.

அளவைவிட, டிராக் சீராக வழுக்குவதே முக்கியம். கார்பன் வாஷர் நனைந்தாலும் சூடானாலும் பெரிதாக மாறாது. கம்பளித் துணி போன்ற ஃபெல்ட் வாஷர் நனைந்தால் விட்டுவிட்டு இழுக்கும். கடற்கரைக்குக் கார்பன் வாஷரே நல்லது.

அளவும் வேகமும்

10 முதல் 13 அடி ராடுக்கு 5000 முதல் 8000 வரையிலான அளவு ரீல் பொருந்தும். சிறு மீனுக்கு 4000 போதும். இந்த எண்கள் எல்லா நிறுவனங்களிலும் ஒரே அளவைக் குறிப்பதில்லை. அதனால் ஸ்பூலில் எத்தனை மீட்டர் நரம்பு பிடிக்கும் என்பதைப் பார்த்து வாங்குவது நல்லது. 0.35 மி.மீ. தங்கூஸ் 200 முதல் 250 மீட்டர் பிடித்தால் போதும். கியர் விகிதம் 5-க்கு 1 என்ற அளவை ஒட்டி இருந்தால் ஈயத்தை இழுக்கும்போது கியருக்குப் பளு குறையும்.

நரம்பை ஸ்பூல் விளிம்புக்கு ஒன்றரை முதல் 2 மி.மீ. கீழே நிற்கும்படி நிரப்ப வேண்டும். பிரெய்டு நரம்பு போடுபவர்கள் அடியில் சில சுற்று தங்கூஸ் சுற்றிக்கொண்டால் நரம்பு ஸ்பூலில் வழுக்காது. நுனியில் தடித்த நரம்பு இணைப்பது அவசியம். ஒவ்வொரு 28 கிராம் ஈயத்துக்கும் 10 பவுண்டு என்று கணக்கிட்டால், 112 கிராம் ஈயத்துக்கு 40 பவுண்டு நரம்பு வேண்டும். இல்லாவிட்டால் வீசும்போது நரம்பு அறுந்து, ஈயம் பறந்து ஆளைக் காயப்படுத்தலாம்.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

* கைப்பிடியை மெதுவாகச் சுற்றுங்கள். எங்காவது தடுக்கினாலோ கரகரத்தாலோ வேண்டாம்.

* கைப்பிடியை உள்ளும் வெளியும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் அதிகமாக இருந்தால் கியர் சீக்கிரம் தேயும்.

* ரோட்டாரைப் பின்பக்கம் தள்ளிப் பாருங்கள். உடனே பிடித்து நிற்க வேண்டும்.

* பெயில் கம்பியைப் பத்து முறை கையால் திறந்து மூடுங்கள். ஒவ்வொரு முறையும் முழுமையாக மூட வேண்டும்.

* டிராக்கைத் தளர்த்தி நரம்பை இழுங்கள். குலுங்காமல் ஒரே சீராக வர வேண்டும்.

* லைன் ரோலர் விரல் பட்டதும் சுழல வேண்டும்.

* பெயில் ஸ்பிரிங், ரோலர் பேரிங், கைப்பிடி, கூடுதல் ஸ்பூல் ஆகியவை தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். பெட்டியில் பாகங்களின் படம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். ரசீதும், உத்தரவாதத்தில் துரு சேருமா என்ற விவரமும் கேட்டு வாங்குங்கள்.

விலைக் கணக்கு

உதாரணமாக, 2,500 ரூபாய் ரீல் ஆண்டுக்கு ஒன்று என்று 5 ஆண்டுகளில் 12,500 ரூபாய் ஆகும். 7,500 ரூபாய் ரீல் வாங்கி, ஆண்டுக்கு 400 ரூபாய் சர்வீஸுக்குச் செலவழித்து 5 ஆண்டுகள் ஓட்டினால் 9,500 ரூபாய்தான். ஆனால் இந்த மிச்சம் பராமரிப்பவர்களுக்கு மட்டுமே கிடைக்கும். கழுவாமல் மூலையில் வைத்தால் விலை உயர்ந்த ரீலும் முதல் ஆண்டிலேயே போய்விடும். மாதம் ஒரு முறை மட்டும் கரைக்குப் போகிறவர்கள், எளிதில் கழற்ற முடிகிற நடுத்தர விலை ரீலை வாங்கி ஒழுங்காகக் கழுவி வைத்தாலே போதும்.

பராமரிப்பு

ரீலைக் காக்கும் மலிவான கருவி பி.வி.சி. பைப்தான். சொட்டுநீர், போர்வெல் வேலையில் மிஞ்சிய ஒன்றரை அங்குல பைப்பில் 4 அடி வெட்டி, ஒரு முனையைச் சாய்வாகச் சீவி, ஒன்றரை அடி மணலில் இறக்கினால் ராடு நிற்கும். ராடின் அடிப்பகுதி பைப்புக்குள் போகிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளவும். மீனைக் கழற்றும்போதும் இரை கோக்கும்போதும் ரீலை மணலில் சாய்க்க வேண்டியிருக்காது.

தவறி மணலில் விழுந்துவிட்டால், உடனே கைப்பிடியைச் சுற்றக் கூடாது. சுற்றினால் வெளியே ஒட்டிய மணல் உள்ளே போகும். ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் எடுத்துச் சென்று, மணலைக் கழுவிய பிறகே சுற்ற வேண்டும்.

வீடு திரும்பியதும் டிராக்கை இறுக்கிவிட்டு, குவளையால் மெதுவாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். வாளியில் முக்கக் கூடாது; ஹோஸ் பைப்பால் பீய்ச்சவும் கூடாது. கடலோர ஊர்களில் கிணற்று நீரும் போர்வெல் நீரும் உப்பாக இருக்கலாம். அதற்குக் குடிநீரையோ மழைநீரையோ பயன்படுத்துவதே சரி. பிறகு துடைத்து, டிராக்கைத் தளர்த்தி, நிழலில் உலர்த்தவும். டிராக்கை இறுக்கியபடியே வைத்தால் வாஷர்கள் அழுந்தி ஒட்டிக்கொள்ளும்.

லைன் ரோலர், பெயில் மூட்டு, கைப்பிடிக் குமிழ் ஆகியவற்றுக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் ஆயில் விடலாம். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுபிசுக்கும். பழைய இன்ஜின் ஆயிலில் அழுக்கு இருக்கும். இரண்டும் வேண்டாம். துரு நீக்கும் ஸ்பிரேயை உள்ளே அடித்தால் இருக்கும் கிரீஸ் கரைந்துபோகும். ஆண்டுக்கு ஒரு முறையாவது கழற்றி, கியருக்கு நீர் எதிர்ப்புக் கிரீஸ் வைக்க வேண்டும். கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் கிளட்ச் பேரிங்கில் மட்டும் கிரீஸ் படக் கூடாது. அது வழுக்கத் தொடங்கிவிடும். அதற்கு மெல்லிய ஆயில் துளி போதும்.

பேரிங் போய்விட்டால் ரீலையே தூக்கி எறிய வேண்டியதில்லை. உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்து சென்றால் பேரிங் கடைகளிலேயே பொருத்தமானதைத் தேடலாம். வீசி முடித்ததும் பெயிலைக் கைப்பிடி சுற்றி மூடாமல் கையாலேயே மூடிப் பழகினால் ஸ்பிரிங்கும் நீடிக்கும், நரம்பும் முறுக்கேறாது.

கவனிக்க: மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவில் அடங்கிய 21 தீவுகளின் பகுதியில் மீன்பிடிக்க அனுமதி இல்லை. அறுந்த நரம்பைக் கரையில் விட்டு வர வேண்டாம். கரையேறும் ஆமைகளும் பறவைகளும் ஆடு மாடுகளும் அதில் சிக்கிக்கொள்ளும்.