நீங்க யாருங்க?



கல்யாண வீட்டில் நாலு பேர் பேசிக்கிட்டு இருக்கும்போது, முன்பின் தெரியாதவர் நடுவில் புகுந்து பேசினால் என்ன கேட்போம்? "நீங்க யாருங்க?" என்றுதானே! சமூக ஊடகத்தில் சாட்பாட் அழைக்காமல் வந்து பதில் போடும்போதும் மக்கள் இதையேதான் கேட்கிறார்கள்.

2024 ஏப்ரலில் நியூயார்க் நகரத் தாய்மார்களின் ஃபேஸ்புக் குழுவில், சிறப்புத் திறமையுள்ள மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கான பள்ளி பற்றி ஒருவர் கேட்டார். 'மெட்டா ஏஐ' என்ற சாட்பாட், தனக்கும் அப்படியொரு பிள்ளை இருப்பதாகப் பதில் போட்டது! உறுப்பினர்கள் சும்மா விடவில்லை. கேள்வி கேட்டுக் குடைந்ததும், தனக்கு அனுபவமும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று மன்னிப்புக் கேட்டது.

ஏன் இப்படி? சாட்பாட் என்பது ஏராளமான எழுத்துகளில் பயிற்சி பெற்று, அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்து எழுதும் இயந்திரம். தாய்மார் பேசும் இடத்தில் தாய் மாதிரியே எழுதிவிட்டது. மெய், பொய் அதற்கு எங்கே தெரியும்?

நாமே தேடிப்போய் சாட்பாட்டிடம் கேட்கும்போது நமக்குக் கோபம் வருவதில்லை. மனுஷ வேஷம் போட்டு அது வரும்போதுதான் வருகிறது.

எங்க வீட்டுல டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் முதல் பஸ் பாஸ் வரை சீனியர் அண்ணன்களைக் கேட்டுத்தான் கத்துக்கிட்டேன். அவர்கள் தப்பாகச் சொன்னால் மறுநாள் போய்க் கேட்கலாம். சாட்பாட்டை எந்த வகுப்பில் போய்த் தேடுவது?

இன்னொரு விஷயம். ஒரு மணி நேரமாக யாருமே பதில் சொல்லாத கேள்விக்குத்தான், கூப்பிடாமலே மெட்டா ஏஐ பதில் போடும்படி வைத்திருந்தார்கள். ஆகவே தோழர்களே, ஜூனியர் ஒருவர் குழுவில் கேள்வி கேட்டால் நாம் முந்திக்கொள்வோம்!