விமானி எப்போது சாப்பிடுவார்?

உத்திரமேரூர்ப் பேருந்து நிலையத்தில் வண்டியை நிறுத்தியதும் ஓட்டுநர் இறங்கித் தேநீர்க் கடைக்குச் செல்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணியாவது ஓய்வு தரவேண்டும் என்று 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆகாயத்தில் பறக்கும் விமானிக்கு இவ்வசதி உண்டா?

சென்னையிலிருந்து சேலம், தூத்துக்குடி போன்ற ஊர்களுக்கு, இறக்கைகளில் சுழலும் விசிறிகள் கொண்ட ஏ.டி.ஆர். வகைச் சிறு விமானங்கள் பறந்துவருகின்றன. இத்தகைய பயணங்கள் ஒரு மணி நேரமோ சற்றுக் கூடுதலாகவோ நீடிக்கும். விமானம் 10,000 அடிக்குக் கீழே ஏறும்போதும் இறங்கும்போதும் விமானிகள் உண்ணவோ வீண்பேச்சுப் பேசவோ கூடாது. அமெரிக்காவில் 1981-இல் விதியாக்கப்பட்ட இம்முறை இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. தரையிறங்கிய பின்னரோ எரிபொருள், எடை, வானிலை ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். அரை மணியில் அடுத்த பயணம் தொடங்கிவிடும். எனவே ஒருவர் விமானத்தைக் கவனிக்க, மற்றவர் இருக்கையிலேயே அவசரமாக உண்பதுதான் வழக்கம். நீண்டதூர விமானத்தைவிடக் குறுந்தூர விமானத்தில்தான் உணவுக்கு நேரம் அரிது.

நம் மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே. ஆயினும் உடல் செலவிடும் ஆற்றலில் 20 விழுக்காட்டை அதுவே எடுத்துக்கொள்கிறது. பசித்த விமானியின் கவனம் குறைவதில் வியப்பில்லை. ஒவ்வொரு தரையிறக்கமும் முழுக் கவனத்தைக் கோரும். அதனால்தான் தரையிறக்கங்களின் எண்ணிக்கை கூடக்கூட, அனுமதிக்கப்படும் பணி நேரத்தை விதிகள் குறைக்கின்றன.

எதை உண்பது என்பதிலும் இயற்பியல் உண்டு. உயரே பறக்கும்போது விமானத்தின் உட்பகுதியில் காற்றழுத்தம் 8,000 அடி மலையுச்சியில் உள்ள அளவுக்குக் குறையலாம். தரையில் 760 மில்லிமீட்டராக உள்ள பாதரச மட்டம் அங்கு சுமார் 565 மில்லிமீட்டரே. பாயில் விதிப்படி அழுத்தம் குறைந்தால் வாயுவின் பருமன் பெருகும். 760-ஐ 565-ஆல் வகுத்துப் பாருங்கள். வயிற்றிலுள்ள வாயு மூன்றில் ஒரு பங்கு விரிவடைவது விளங்கும். பறக்குமுன் மொச்சையும் கொண்டைக்கடலையும் வேண்டாம் என்பது இதனால்தான்.

இரு விமானிகளும் வெவ்வேறு உணவு உண்பது நல்லது. 1975 பிப்ரவரியில் டோக்கியோவிலிருந்து பாரிஸ் சென்ற ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில், கிருமி கலந்த ஆம்லெட்டை உண்ட பயணிகளில் ஏறத்தாழ 200 பேர் நோயுற்றனர். சமைத்தவரின் விரல் புண்ணே காரணம். விமானிகள் அதை உண்ணாததால் பேராபத்து தவிர்ந்தது.

ஆனால் உணவு தூக்கத்துக்கு ஈடாகாது. 2010 மே 22 அன்று மங்களூரில் துபாய் விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 158 பேர் மாண்டனர். வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உறங்கிய தலைமை விமானி, விழித்தபின்னும் தூக்க மந்தத்தில் இருந்திருக்கலாம் என விசாரணை கருதியது.

இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககம் 2024 ஜனவரியில் புதிய விதிகளை வகுத்தது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாயிற்று. இரவுத் தரையிறக்கங்கள் ஆறிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டன. 2025 நவம்பரில் இவை முழுமையாக நடைமுறைக்கு வந்தன. இவற்றுக்கேற்பப் போதிய விமானிகளைத் திட்டமிடாத இண்டிகோ நிறுவனம் டிசம்பரில் ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்தது. அதற்குச் சில விதிகளிலிருந்து தற்காலிக விலக்கும் தரப்பட்டது.

பணி ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் உணவுக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என ஐரோப்பிய விதிகள் வலியுறுத்துகின்றன. எந்த விமானமும் உபரி எரிபொருள் இன்றிப் புறப்படுவதில்லை. அதைக் கணக்கிடும் தாளிலேயே விமானியின் சோற்றுக்கும் தூக்கத்துக்கும் உரிய நேரத்தையும் கணக்கிட வேண்டும் அல்லவா?