தூசுக் குழாய்க்கு வெளிநாட்டுச் சாமான் எதற்கு?

கம்பளையில் வீட்டுப் பின்கொட்டிலில் வாளும் சாண்டரும் ஓட்டுபவர், தூசு இணைப்பை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது வீண்செலவு என்பேன். இயந்திரத்தின் தூசுவாய் பெரும்பாலும் 100 மில்லிமீற்றர். ஹார்ட்வெயார் கடையின் 110 மில்லிமீற்றர் பிவிசி குழாய் அதன்மேல் சற்றுத் தளர்வாக ஏறும். பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி இடையில் சுற்றி, கிளிப் போட்டு இறுக்கினால் கசிவு அடங்கிவிடும். ஆனால் குழாயை 50 மில்லிமீற்றருக்குச் சுருக்காதீர்கள்; காற்றின் வழி நாலில் ஒன்றாகிவிடும்.

கதவைத் திறந்துவிட்டால் போதாதா என்பார்கள். சீவல் கீழே விழும். கண்ணுக்குத் தெரியாத துகளோ மிதந்துகொண்டே நுரையீரலுக்குள் போகும். மரத்தூசு மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இல் வகைப்படுத்தியது. அந்தக் காலத்தில் எம்பெக்கே தேவாலயத்தின் மரத்தூண்களைச் செதுக்கியவர்களும் மரத்தோடுதானே வாழ்ந்தார்கள் என்று கேட்கலாம். உளி சீவலை உதிர்த்தது. சாண்டர் மாவாக அரைக்கிறது. ஆகவே குழாயில் மிச்சம்பிடித்த காசை நல்ல வடிகட்டிப் பைக்கும் முகக்கவசத்துக்கும் செலவழியுங்கள்.