மூக்குக் கண்ணாடியும் ஒட்டுவில்லையும்

பார்வைக் குறையைப் போக்கிக்கொள்ளுதற்கு மக்கள் இந்நாளிற் பெரிதும் கையாளும் கருவிகள் இரண்டு. ஒன்று மூக்கின்மேல் ஏறியிருப்பது. மற்றொன்று விழியின்மேலேயே படிந்திருப்பது. முன்னையதை மூக்குக் கண்ணாடி என்பர். பின்னையதைக் ‘காண்டாக்ட் லென்ஸ்’ என்றே யாவரும் வழங்குவர். தமிழில் ஒட்டுவில்லை எனலாம். இவ்விரண்டனுள் நாடோறும் அணிதற்குரியது எது என்னும் வழக்கு நம் விடுதியில் ஓயாது நடந்துவருகின்றது. வழக்காடுவோர் அழகையும் விலையையுமே பேசுகின்றனர். கண்ணைப்பற்றிப் பேசுவார் அரியர். ஆதலின் கண்ணின் பக்கம் நின்று சில கூறப் புகுகின்றேன்.

கருவிழியின் முன்புறத்தே கைக்கடிகாரத்தின் முகக்கண்ணாடிபோல வளைந்து தெளிந்த படலமொன்று உளது. அதன் பருமன் நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டரே. கண்ணுட் புகும் ஒளியை வளைத்துக் குவிக்குந் தொழிலில் மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது இம்மெல்லிய படலமே. ஒளி தடையின்றிச் செல்லவேண்டுமாதலின் இதனுள் இரத்தக் குழாய்கள் இல்லை. மற்றை உறுப்புக்கள் தமக்கு வேண்டும் உயிர்வளியை இரத்தத்தினின்று பெற, இஃது ஒன்று மட்டும் கண்ணீரின் வழியாகக் காற்றினின்று நேரே பெறுகின்றது. உறங்குங்கால் இமை மூடுதலின் அவ்வரவு பெரிதுங் குறைந்துவிடும். இவ்வொரு செய்தியை நினைவிற் கொள்வார்க்குப் பின்னர்க் கூறுவன யாவும் எளிதின் விளங்கும்.

மூக்குக் கண்ணாடி இத்தாலி நாட்டிற் பிறந்தது. 1306-ஆம் ஆண்டு பிளாரன்ஸ் நகரில் மறையுரை நிகழ்த்திய பீசா நகரத்துத் துறவியார் ஒருவர், இக்கலை தோன்றி இன்னும் இருபது ஆண்டு நிரம்பவில்லை என்று கூறியுள்ளார். முதன்முதற் செய்தவன் பெயரோ மறைந்துபோயிற்று. காதிற் கொளுவுந் தண்டுகள் 18-ஆம் நூற்றாண்டிலேயே வந்தன. அதுகாறும் மக்கள் கண்ணாடியைக் கையாற் பிடித்தும் மூக்கில் இடுக்கியும் இடர்ப்பட்டனர் என்பதை எண்ண நகைப்பும் இரக்கமும் ஒருங்கே தோன்றுகின்றன.

ஒட்டுவில்லையின் வரலாறு இதனினும் சுவையுடையது. 1887, 1888 ஆகிய ஆண்டுகளில் சூரிச் நகரத்து மருத்துவர் அடால்ஃப் ஃபிக் என்பார் கண்ணாடியால் மெல்லிய கிண்ணம் போன்ற வில்லைகளைச் செய்வித்து, முதலில் முயல்களின் கண்களிலும், பின்னர்த் தம் கண்ணிலும், அதன்பின் பிறர் கண்களிலும் இட்டுப் பார்த்தார். அவை கருவிழியோடு நில்லாது வெண்விழியையும் மூடி நின்றன; சில நாழிகைக்குமேல் யாரும் பொறுத்தாரல்லர். 1889-இல் கீல் நகரத்து மாணவர் ஆகஸ்ட் முல்லர் என்பார் தம் கடுங் கிட்டப்பார்வையைத் தீர்க்கத் தாமே வில்லை செய்து அணிந்தார். கண்ணை மரக்கச்செய்யும் மருந்து இட்டும் அரை மணிக்குமேல் அவரால் தாங்க இயலவில்லை. நோவு எதனால் வந்தது? கண்ணாடியின் பாரமும் உரசலும் ஒருபுறம். காற்றுப் புகாமை மற்றொருபுறம். அப்படலம் மூச்சுமுட்டித் தவித்தது என்றே கூறிவிடலாம்.

அமெரிக்க நாட்டுக் கெவின் டூஹி என்பார் 1948-இல் கருவிழியளவே நிற்கும் சிறு வில்லையைப் பிளாஸ்டிக்காற் செய்தனர். அது கண் சிமிட்டுந்தோறும் சற்றே அசைந்து புதுக்கண்ணீரை உள்ளே விடுதலின் பலமணி நேரம் அணியக்கூடியதாயிற்று. ஆயினும் வன்மையுடைய பொருளாதலின் பழகுதற்கு நாட்கள் பல சென்றன. நீரை உறிஞ்சி மென்மையுறும் பொருளொன்றைப் பிராகா நகரத்து வேதியியலார் ஓட்டோ விக்டெர்லே தம் துணைவரோடு ஆக்கினார். அதனை வில்லையாக வார்க்கும் வழியே அவர்க்கு அகப்படவில்லை. 1961-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் தம் இல்லத்திலேயே, சிறுவர் விளையாடும் இரும்புத்துண்டுப் பெட்டியையும் மிதிவண்டி விளக்கின் டைனமோவையும் கொண்டு ஒரு சுழற்பொறி அமைத்தார். சுழலும் அச்சில் ஊற்றிய நீர்மம் வில்லையாக உறைந்தது. இன்று உலகெங்கும் விற்கும் மென்வில்லைகட்கெல்லாம் தாய்ப்பொறி அதுவே. ஆய்வுக்கூடம் போதாது என்று முறையிடும் நம் அறிவியல் மாணவர் இச்செய்தியைக் கருத்திற் கொள்வாராக! அமெரிக்க அரசினர் மென்வில்லைக்கு 1971-இல் இசைவளித்தனர். உயிர்வளியை மிகுதியாக ஊடுருவவிடும் சிலிகோன் கலந்த வில்லைகள் 1999-ஆம் ஆண்டளவில் வந்தன.

இனி, காட்சியின் நலத்தை நோக்குவோம். மூக்குக் கண்ணாடி விழியினின்று ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கின்றது. இவ்விடைவெளி சிறிதென்று இகழ்தற்குரியதன்று. கிட்டப்பார்வைக்குரிய குழிவில்லை பொருள்களைச் சிறியனவாகக் காட்டும். கடையிற் ‘பவர்’ என்று கூறும் அளவு 10 ஆயின், காணும் உருவம் பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். அவரே ஒட்டுவில்லை அணியின் 9 அளவே போதும், உருவமும் பெரும்பாலும் சுருங்காது. கண்ணாடிச் சட்டத்திற்கு வெளியே தோன்றும் மங்கலும் இல்லை. ஒரு கண்ணுக்கும் மற்றைக் கண்ணுக்கும் அளவு மிக வேறுபட்டவர்க்குக் கண்ணாடி அணியின் இரண்டு உருவங்கள் ஒன்றாகப் பொருந்தா. அவர்க்கு ஒட்டுவில்லை பெருந்துணை. கருவிழி கூம்புபோற் குவியும் நோயுடையார்க்கோ, நோய் முதிர்ந்தபின் கண்ணாடியால் ஆவது ஒன்றுமில்லை. வன்மையான வில்லையே சீரிய பார்வையைத் தரும். இத்தகையார் ஒட்டுவில்லையை அழகிற்காக அணிகின்றார் என்று எள்ளுதல் அறியாமை.

அளவு 2 அல்லது 3 உடைய நம்மனோர் பலர்க்கு இவ்வேறுபாடு மிகச் சிறிது. மற்றொன்றும் உண்டு. கிட்டப்பார்வையுடையார் கண்ணாடி அணிந்து நூல் வாசிக்குங்கால் அவர்தம் கண் உழைக்கும் உழைப்பினும் ஒட்டுவில்லை அணிந்து வாசிக்குங்கால் உழைப்பது மிகுதி. இளையோர்க்கு அது தோன்றாது. நாற்பதைக் கடந்து வெள்ளெழுத்து எட்டிப்பார்க்கும் பருவத்தினரான நம் ஆசிரியன்மாரும் பழைய மாணவரும் கண்ணாடியை விட்டு ஒட்டுவில்லைக்கு மாறின், வெள்ளெழுத்து ஒரே நாளில் வந்துவிட்டதுபோல உணர்வர். கண்ணாடியாயின் கழற்றி நெற்றிமேல் ஏற்றிவிட்டு வாசிக்கலாம்; வில்லையை அவ்வாறு செய்தல் யாங்ஙனம்?

தீங்கைப்பற்றிய பகுதியே இங்குத் தலையாயது. மூக்குக் கண்ணாடியால் வரும் பெருந்துன்பம் மூக்கில் தழும்பும், மழையில் மங்கலும், ஏறி உட்கார்ந்தால் உடைதலுமே. ஒட்டுவில்லையாலோ கருவிழியில் கிருமி புகுந்து புண்ணாதல் உண்டு. அப்புண் ஆறினும் வடு நிற்கும். நம் ஊரார் கண்ணிற் பூ விழுந்தது என்பர். வடு நடுவில் அமையின் பார்வை போனதுதான். அமெரிக்காவில் நிகழ்த்தி 1989-இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், பகலில் மட்டும் மென்வில்லை அணிவார் 10,000 பேரில் ஓராண்டில் ஏறத்தாழ 4 பேர்க்கும், அணிந்தபடியே உறங்குவார் 10,000 பேரில் ஏறத்தாழ 21 பேர்க்கும் இப்புண் கண்டது. சிலிகோன் வில்லை வந்தபின் இவ்விடர் தீருமென்று பலரும் நம்பினர். 2008-இல் வெளியான ஆஸ்திரேலிய நாட்டுக் கணக்கு அந்நம்பிக்கையைக் கெடுத்தது: சிலிகோன் வில்லையோடு உறங்கினார்க்கு 10,000-க்கு 25 என்னும் அளவில் நோய் வந்திருந்தது. உயிர்வளி குறைதல் ஒன்றே காரணமன்று என்பது இதனாற் புலப்படும். மூடிய இமைக்குள் கண்ணீர் ஓடாது தேங்க, வில்லையிற் பற்றிய கிருமிகளும் அங்கேயே தங்கி வளர்கின்றன.

10,000-க்கு 4 என்பது சிறு தொகையே. அஞ்சி ஓடவேண்டிய அளவன்று. ஆயினும் அக்கணக்குக்கள் அமெரிக்கரையும் ஆஸ்திரேலியரையும்பற்றியன. நம் விடுதியைப்பற்றியன அல்ல. ஈண்டு கைகழுவும் தொட்டியருகே சவர்க்காரம் இருக்கும் நாளினும் இல்லாத நாளே மிகுதி. குழாய்நீரிலும் கிணற்றுநீரிலும் அகாந்தமீபா என்னும் நுண்ணுயிர் வாழ்கின்றது. வில்லையையோ அதன் சிமிழையோ அந்நீரிற் கழுவின் அவ்வுயிர் கருவிழியிற் குடியேறும். அது தரும் நோவு பொறுத்தற்கரியது. மருத்துவமும் மாதக்கணக்கிற் செல்லும். வெப்பமும் ஈரமும் மிக்க நம் நாட்டிற் காளானும் கண்ணைக் கெடுக்கின்றது. மதுரையில் நிகழ்ந்து 1997-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், கருவிழிப் புண்களிற் கிருமி கண்டறியப்பட்டவற்றுள் ஏறக்குறையப் பாதி காளானால் வந்தவை. அவர்கள் பெரும்பாலும் வயலில் வைக்கோலும் தாளும் குத்தப்பெற்ற உழவர், வில்லை அணிந்தாரல்லர். எனினும் நாம் வாழும் காற்றும் மண்ணும் எத்தன்மைய என்பதை அஃது உணர்த்தும். இருசக்கர வண்டியில் புழுதிச் சாலையிற் செல்வார்க்கு மூக்குக் கண்ணாடி ஓரளவு கேடயமாகும். ஒட்டுவில்லையோ அடியிற் புகுந்த மணலைச் சிறைப்படுத்திக் கண்ணையே உரசச் செய்யும்.

பெண்டிர் நிலையைக் கூறாது விடுதல் நேர்மையன்று. பெண் பார்க்க வருவோர் கண்ணாடியைக் கண்டு முகஞ்சுளிப்பர் என்று அஞ்சி, மகளிர் பலர் வேண்டாமலே வில்லைக்கு மாறுகின்றனர். பெற்றோரே மாற்றுவிப்பதும் உண்டு. அளவு ஒன்றுமில்லாத வண்ண வில்லைகளை அழகுப்பொருட் கடையில் வளையலோடு வளையலாக வாங்குவாரும் உளர். கருவிழியின் வளைவை அளந்து பாராமல் விற்கும் அவ்வில்லை, அளவுள்ள வில்லை செய்யும் தீங்கு அத்தனையும் செய்யும். ஒருத்தியின் வில்லையை மற்றொருத்தி இரவல் வாங்கி அணிதலோ கொடுமையினுங் கொடுமை. மணவறைக்கு வில்லை அணிக, அதிற் குறையில்லை. கண்ணாடி அணிந்த முகத்தை ஏலாத வீட்டார்க்காக ஆயுள்முழுதும் விழியை ஒறுத்தல் எற்றுக்கு?

எனவே நாடோறும் அணிதற்கு மூக்குக் கண்ணாடியே தக்கதென்பது என் துணிபு. பந்தாட்டத்திற்கும் நாடகத்திற்கும் விழாவுக்கும் ஒருநாள் அணிந்து எறியும் வில்லைகளைக் கொள்ளலாம். சிமிழும் கழுவுநீரும் அவற்றிற்கு வேண்டா. அவற்றையே நாடோறும் அணிவார்க்கு ஆண்டொன்றுக்கு 730 வில்லை வேண்டுமாதலின், உதவிச்சம்பளம் பெற்று வாசிக்கும் மாணவன் அக்கணக்கை முன்னரே போட்டுப் பார்த்துக்கொள்க. மருத்துவர் ஆணைப்படி ஒட்டுவில்லையே அணியவேண்டியவர்க்கு இத்துணிபு பொருந்தாது.

அணிவார் யாவரும் பயன்படத்தக்க மூக்குக் கண்ணாடி ஒன்றையும் உடன் வைத்திருத்தல் வேண்டும். அஃதில்லாதவரே கண் சிவந்தபின்னும் தேர்வுக்காகவும் பயணத்திற்காகவும் வில்லையைக் கழற்றாது வைத்திருக்கின்றனர். சிவப்போ நோவோ ஒளி கூசுதலோ தோன்றின் வில்லையை அப்பொழுதே கழற்றிவிடுக. மருந்துக்கடையார் தாமே எடுத்துக் கொடுக்கும் சொட்டுமருந்தை இடற்க. அவற்றுட் சில சிவப்பைத் தணித்துக் காட்டிப் புண்ணை உள்ளே வளர்க்கும். அன்றைக்கே கண் மருத்துவரிடஞ் செல்லுங்கால், கழற்றிய வில்லையையும் சிமிழையும் எறிந்துவிடாது உடன் கொண்டுசெல்க. எக்கிருமி புகுந்தது என்பதை அவற்றினின்று கண்டறிதல் கூடும்.