டொக்டர் பிள்ளையும் கடதாசிக் கட்டும்

சென்ற வருடம் ஓகஸ்ட் முடிவில் உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி தன் முதல் சம்பளச் சிட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். இங்கிலாந்தில் மருத்துவம் படித்து முடித்து அந்த மாதம்தான் வேலை தொடங்கியிருந்தாள். "மாமா, இதை ஒருக்காப் பாருங்கோ. வாடகை குடுத்தால் மிச்சம் ஒண்டும் இல்லை" என்றாள். அம்மாவிடம் சொன்னாயா என்று கேட்டோம். "அம்மா எல்லாருக்கும் டொக்டர் எண்டு சொல்லித் திரியிறா. அவவுக்கு இதை எப்பிடிச் சொல்லுறது?"

கணக்கு வேலை பார்க்கிற வீடு என்பதால் தெரிந்தவர்களின் படிவங்களும் கடிதங்களும் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வருவது வழக்கம். சில வருடங்களாக அவற்றில் இளம் வைத்தியர்களின் கடதாசிகளும் சேர்ந்துகொண்டன. அவற்றைப் பார்த்து நாம் விளங்கிக்கொண்டதை மற்றப் பெற்றோருக்கும் சொல்லவே இதை எழுதுகிறோம்.

ஊரில் பிள்ளை மருத்துவபீடத்துக்கு எடுபட்டால் பாதிக் கவலை தீர்ந்தது என்று இருந்து பழகியவர்கள் நாம். இங்கே பட்டம் என்பது முதல் வாசல் மட்டுமே. அதற்குப் பிறகு இரண்டு வருட அடிப்படைப் பயிற்சி இருக்கிறது. முதலாம் வருடத்தில் ஜிஎம்சி என்னும் மருத்துவ சபையில் தற்காலிகப் பதிவுதான் கிடைக்கும். அந்த வருடம் ஒழுங்காக முடிந்தது என்ற சான்று போய்ச் சேர்ந்தால்தான் முழுப் பதிவு. அது இல்லாமல் இரண்டாம் வருடத்தைத் தொடங்க முடியாது. வழக்கமாக நான்கு மாதத்துக்கு ஒருமுறை பிரிவு மாறும். ஓகஸ்ட் மாத முதல் புதன்கிழமை பலருக்கு வைத்தியசாலையே மாறும். இரண்டாம் வருடம் தொடங்கிச் சில மாதங்களுக்குள்ளேயே அடுத்த கட்டமான துறைசார் பயிற்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும். குடும்ப வைத்தியராவதற்கு அது மேலும் மூன்று வருடம். சத்திரசிகிச்சை போன்ற துறைகளுக்கு இன்னும் நீளும்.

முதல் மனத்தாங்கல் இடத்தால் வருகிறது. லண்டனில் வீடிருக்க, பிள்ளைக்கு வடக்கே எங்கோ ஒரு நகரத்தில் இடம் கிடைக்கும். "நல்லாப் படிச்சிருந்தால் கிட்டக் கிடைச்சிருக்குமே" என்று தாய்தகப்பன் சொல்லிவிடுகிறார்கள். இது தவறு. 2024 ஓகஸ்டில் வேலை தொடங்கியவர்களிலிருந்து, அடிப்படைப் பயிற்சிக்கு இடம் ஒதுக்கும்போது பரீட்சைப் புள்ளிகள் பார்க்கப்படுவதில்லை. கணினி எழுந்தமானமாக ஓர் இலக்கம் கொடுக்கிறது. அதையும் பிள்ளை கொடுத்த விருப்பத் தெரிவுகளையும் வைத்தே இடம் தீர்மானிக்கப்படுகிறது. ஆகவே தூர இடம் கிடைத்தது பிள்ளையின் குற்றமல்ல. வீட்டில் நோயாளியைப் பராமரிக்கும் முக்கிய பொறுப்பு பிள்ளையுடையதாக இருந்தால், அதைக் காட்டிக் குறிப்பிட்ட பகுதியிலேயே இடம் கேட்க ஒரு வழி உண்டு. ஆனால் அதை ஆதாரக் கடிதங்களோடு விண்ணப்பக் காலத்திலேயே கேட்க வேண்டும். இடம் அறிவித்த பின் அழுது பயனில்லை.

அடுத்தது கடதாசி. புதிய வைத்தியசாலைக்குப் போகும்போது பெரும்பாலும் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அடையாளம், வேலை செய்யும் உரிமை, குற்றப்பதிவுச் சோதனை, தடுப்பூசி விபரம், சென்ற வருடம் செய்த அதே கட்டாய இணையப் பயிற்சிகள் என்று பட்டியல் நீளும். குற்றப்பதிவுச் சோதனைக்கு ஐந்து வருட முகவரிகளும் இதுவரை பாவித்த எல்லாப் பெயர்களும் கேட்பார்கள். எங்கள் பிள்ளைகள் தட்டுப்படுவது இங்கேதான். தகப்பன் பெயர் குடும்பப் பெயராகிறது. அகதி விண்ணப்பத்தில் அதுவே முதற்பெயராகப் பதியப்பட்டிருக்கும். பட்டச் சான்றிதழில் எழுத்துக்கூட்டல் வேறு. மருத்துவ சபையில் பதியும் முன்பே கடவுச்சீட்டுக்கும் பட்டத்துக்கும் பெயர் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். திருத்துவதானால் இறுதியாண்டிலேயே திருத்துவது நல்லது.

இனிப் பணம். மாதம் வரிக்குரிய சம்பளம் 3,000 பவுண் என்று வைப்போம். வருடத்துக்கு 12,570 பவுண் வரை வரி இல்லை. வரி வருடம் ஏப்ரல் 6ஆம் திகதி தொடங்குகிறது. அன்றிலிருந்து வேறு வருமானம் இல்லாத ஒருவருக்கு ஓகஸ்டில் ஐந்து மாத விலக்கு, அதாவது ஏறத்தாழ 5,237 பவுண், சேர்ந்திருக்கும். சரியான குறியீட்டில் அவருக்கு முதல் மாதம் வரியே வராது. 'பிஆர்' என்ற குறியீடு விழுந்தால் முழுச் சம்பளத்துக்கும் 20 வீதம், அதாவது 600 பவுண், வெட்டுப்படும். உறவுக்காரப் பிள்ளைக்கு நடந்தது இதுதான். மாணவியாக இருந்தபோது வேலை செய்த கடையின் கணக்கு மூடப்படாமல் கிடந்ததால், வைத்தியசாலை வேலையை வரித் திணைக்களம் இரண்டாவது வேலையாக எடுத்துக்கொண்டது. அவள் தொலைபேசியில் விளக்கினாள். குறியீடு மாறியது. கூடுதலாக வெட்டிய பணம் ஒக்டோபர் சம்பளத்தோடு திரும்பி வந்தது. மாணவர் கடனும் படிப்பு முடிந்த அடுத்த ஏப்ரலில்தான் வெட்டத் தொடங்க வேண்டும். அதற்கு முன் வெட்டினால் திருப்பிக் கேட்கலாம். மருத்துவ சபைக்குத் தானே கட்டும் வருடாந்தக் கட்டணத்துக்கு வரிச்சலுகை உண்டு. நான்கு வருடம் பின்னோக்கியும் கோரலாம்.

வேலை மாறும் ஒவ்வொரு முறையும் பழைய இடத்திலிருந்து பி45 படிவத்தை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். வேலை நேர அட்டவணை மாற்றத்துக்கு ஆறு வாரம் முன்பே கைக்கு வரவேண்டும் என்பது இங்கிலாந்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறை. கலியாணத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ நாள் குறிக்கும் முன் பிள்ளையிடம் அதைக் கேளுங்கள். வராவிட்டால் அவளைக் கோபிக்காதீர்கள். அட்டவணை அவள் கையில் இல்லை.

ஒரு கோப்பும், முதற் சிட்டையை வாசிக்க ஒரு பெரியவரும், "ஏன் தூரப் போனாய்" என்று கேட்காத வீடும் இருந்தால் இந்தக் கட்டங்களைப் பிள்ளைகள் கடந்துவிடுவார்கள். ஒரு கடிதத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் நாம். கடதாசி ஒரு மனிதரை எவ்வளவு களைக்க வைக்கும் என்று எங்களுக்குத் தெரியாததா?

அவளின் அம்மாவுக்கு நாம்தான் விடயத்தைச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு உள்ளே போய், நாட்டைவிட்டு வரும்போது கொண்டுவந்த பையைத் திறந்து, பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்து வந்தார். அடுத்த வைத்தியசாலை கேட்டு மூன்றாவது முறையாக மின்னஞ்சல் அனுப்பியிருந்தது அதைத்தான்.