70 வருடம், ஒரே மேடை! இட்டா எவெரைத் தெரியுமா?

ஏப்ரல் 1 அன்று ஒரு குழந்தை பிறந்தது என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் நிஜம்! எஸ்தோனிய நாட்டின் மாபெரும் மேடை நடிகை இட்டா எவெர் பிறந்தது 1931 ஏப்ரல் 1. எஸ்தோனியாவிலும் அது ஒருவரை ஒருவர் ஏமாற்றிச் சிரிக்கும் நாள்தான்! அன்று பிறந்த பெண், வளர்ந்து ஒரு நாட்டையே சிரிக்க வைத்தார், அழ வைத்தார், குட்டிப் பிள்ளைகளை நடுநடுங்கவும் வைத்தார்!

எஸ்தோனியா எவ்வளவு பெரிய நாடு தெரியுமா? பால்டிக் கடலோரம், பின்லாந்துக்குத் தெற்கே ஒரு சின்ன நாடு. மக்கள்தொகை ஏறக்குறைய 13 லட்சம்தான்! ஆனால் கொரோனாவுக்கு முந்தைய வருடங்களில் அங்கே ஒரே ஆண்டில் நாடகம் பார்க்கப் போனவர்களின் கணக்கு எவ்வளவு? 10 லட்சத்துக்கும் மேல்! தொட்டிலில் கிடக்கும் கைக்குழந்தையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்கூட, கிட்டத்தட்ட ஆளுக்கொரு நாடகம்! அப்படிப்பட்ட நாட்டில் ஒரு நடிகைக்கு என்ன மரியாதை இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்!

இட்டா பிறந்த ஊர் பைதே. அங்கே 13ஆம் நூற்றாண்டில் எழுந்த எட்டுப் பட்டைக் கோட்டைக் கோபுரம் ஒன்று உண்டு. 1941இல் பின்வாங்கிய சோவியத் படை அதை வெடி வைத்துத் தகர்த்துவிட்டது. அப்போது இட்டாவுக்கு 10 வயது. கோபுரம் மறுபடி எழுந்து நின்றது எப்போது? 1993இல்! அவருக்கு வயது 62! இடிந்த கோபுரம் எழுந்து நிற்பதற்குள் அவர் மேடையேறி 40 வருடம் ஓடிவிட்டது!

நடிப்பை எங்கே படித்தார்? மாஸ்கோவில்! கீதிஸ் என்ற புகழ்பெற்ற நாடகக் கல்லூரியில், எஸ்தோனிய மாணவர்களுக்கென்றே நடந்த தனி வகுப்பில்! படிப்பை முடித்த ஆண்டு 1953. அந்த ஆண்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. அதே 1953 மார்ச்சில்தான் ஸ்டாலின் இறந்தார்!

அதே ஆண்டு தலைநகர் தாலினில் உள்ள எஸ்தோனிய நாடக அரங்கில் சேர்ந்தார். அப்புறம்? அப்புறம் வேறு வீடே கிடையாது! 2023இல் கண் மூடும்வரை அவர் அந்த அரங்கின் நடிகை. 70 வருடம்! ஒரே அரங்கு!

அந்தக் கட்டடத்தைப் பற்றித் தெரியுமா? 1910இல் அதைக் கட்டியது எஸ்தோனியர்களுக்காக அல்ல, அங்கே வாழ்ந்த ஜெர்மானியர்களுக்காக! வரைந்தவர்கள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கட்டடக் கலைஞர்கள். எஸ்தோனிய மொழி பிறகுதான் உள்ளே நுழைந்தது!

பக்கத்திலேயே இருப்பது 'எஸ்தோனியா' அரங்கம். 1944 மார்ச் 9 இரவு அங்கே 'க்ராட்' என்ற பாலே நடந்துகொண்டிருந்தது. பாதியில் சோவியத் விமானங்கள் குண்டு வீசின! ஜனங்களோடு சேர்ந்து, பேய் வேஷம் கட்டிய நடனக்காரர்களும் வேஷத்தைக் கலைக்காமலே தெருவில் ஓடினார்கள்! வானத்தில் நெருப்பு, வீதியில் பேய்கள்! அந்த அரங்கம் எரிந்து போனது. பின்னாளில் இட்டாவின் வீடாகப்போகிற பக்கத்து அரங்கு? தப்பித்து நின்றது!

ஒரே ஆள், ஒரே வாழ்நாளில், எத்தனை ஆட்சிகளைப் பார்க்க முடியும்? இட்டா பிறந்தபோது எஸ்தோனியா சுதந்திரக் குடியரசு. 9 வயதில் சோவியத் ஆட்சி. 10 வயதில் ஜெர்மன் ஆட்சி. 13 வயதில் மறுபடி சோவியத்! 60 வயதில், 1991 ஆகஸ்ட் 20 அன்று, மறுபடி சுதந்திரம்! பணமும் சும்மா இருந்ததா? மேடைக்கு வந்தபோது ரூபிள். 1992 ஜூனில் குரோன், அதுவும் 10 ரூபிள் கொடுத்தால்தான் ஒரு குரோன்! 2011இல் யூரோ! கொடி மாறியது, பணம் மாறியது, அரங்கின் வாசல் மட்டும் மாறவில்லை!

அந்த 100 குரோன் நோட்டில் யார் படம் இருந்தது தெரியுமா? அரசரா, தளபதியா? இல்லை! லிடியா கொய்துலா என்ற கவிஞர்! எஸ்தோனிய நாடகத்துக்கே தாய் அவர்தான்! 1870 ஜூன் 24 அன்று, தார்த்து நகரில், 26 வயதில் அவர் எழுதி மேடையேற்றிய 'சாரேமா தீவின் மாமன் மகன்' நாடகத்தோடுதான் எஸ்தோனிய மொழி நாடகமே பிறந்தது! எழுதியது பெண். நடத்திக் காட்டியது பெண். சரி, மேடையில் நடித்த பெண்கள் எத்தனை பேர்? பூஜ்யம்! பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டினார்கள்! பெண்கள் மேடையேறுவது கௌரவக் குறைச்சல் என்று நினைத்த காலம் அது. மூன்றே வருடம் கழித்து, 1873இல், அதே தார்த்துவில் அமாலியே கோன்சா பிறந்தார். எஸ்தோனியாவின் முதல் தொழில்முறை நடிகை என்று இன்றும் கொண்டாடப்படுபவர் அவர்தான்! அவர் இறந்தது 1949இல். இட்டா மேடையேறியது நான்கே ஆண்டுகள் கழித்து! எவ்வளவு இளமையான மரபு பாருங்கள்!

இட்டா பேசி நடித்த மொழியும் லேசுப்பட்டதல்ல! வேற்றுமைகள் எத்தனை? தமிழுக்கு எட்டு, எஸ்தோனிய மொழிக்கு 14! அதைவிட வியப்பு, 'அவன்' 'அவள்' என்ற பிரிவே கிடையாது! 'தெமா' என்ற ஒரே சொல்தான் இருவருக்கும்! வசனத்தில் 'தெமா வந்தாச்சு' என்று இருந்தால், வந்தது அவனா அவளா? அந்தச் சொல்லை வைத்து மட்டும் கண்டுபிடிக்கவே முடியாது!

இப்போது பெரிய ஆச்சரியத்துக்கு வருவோம்! அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிளைத் தெரியாதவர் யார்? பின்னல் ஊசியோடு உட்கார்ந்தபடியே கொலைகாரனைப் பிடிக்கும் கிராமத்துப் பாட்டி! சோவியத் திரையில் அந்த ஆங்கிலேயப் பாட்டியாக வந்தது யார்? நம் இட்டா எவெர்! 1983இல் மாஸ்ஃபிலிம் வெளியிட்ட, வதீம் தெர்பென்யோவ் இயக்கிய 'கரும்பறவைகளின் ரகசியம்' படத்தில்! அப்போது இட்டாவுக்கு வயது 52தான்! பிபிசி தொடரில் ஜோன் ஹிக்சன் மார்ப்பிளாக வந்து உலகை மயக்கத் தொடங்கியது 1984 டிசம்பரில். இட்டா அதற்கும் முந்தியவர்!

இந்தப் படத்துக்கு மூலமான நாவல் 'எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை'. ஒரு பணக்காரர் தன் ஆபீஸில் தேநீர் குடித்தபடியே சுருண்டு விழுந்து சாகிறார். கோட்டுப் பாக்கெட்டில் கை விட்டுப் பார்த்தால் பணமா? கடிதமா? இல்லை! ஒரு பிடி ரை தானியம்! பிறகு துணிக் கொடியருகே வேலைக்காரப் பெண் செத்துக் கிடக்கிறாள், மூக்கில் ஒரு துணி கிளிப்பை மாட்டிவிட்டிருக்கிறான் கொலைகாரன்! குழந்தைப் பாட்டு ஒன்றின் வரிகளை ஒட்டியே சாவுகள்! அந்தப் பெண்ணுக்கு வீட்டு வேலை பழக்கிக் கொடுத்ததே மார்ப்பிள்தான். அதனால்தான் பாட்டி கோபத்தோடு கிளம்பி வருகிறார். அந்த அமைதியான கோபத்தை முகத்தில் காட்ட, மேடையில் 30 வருடம் நின்றவரைவிடப் பொருத்தமானவர் யார்?

இன்னும் கேளுங்கள்! அந்த நாவல் வெளிவந்த ஆண்டு எது? 1953! இட்டா அரங்கில் சேர்ந்த அதே ஆண்டு! கதையில் பாக்கெட்டில் கிடந்த அந்த ரை, எஸ்தோனியாவில் என்ன தெரியுமா? தினச் சோறு! கறுப்பு ரை ரொட்டி இல்லாமல் அங்கே மேஜை கிடையாது. சாப்பிடுகிறவரைப் பார்த்து, 'உன் ரொட்டி தீராதிருக்கட்டும்' என்று வாழ்த்துகிற ஜனங்கள் அவர்கள்!

மார்ப்பிளாக வருவதற்கு இரண்டே வருடம் முன்பு இட்டா என்னவாக இருந்தார்? சூனியக்காரி! 1981இல் வந்த 'நுகிட்சமேஸ்' படத்தில், காட்டில் வழி தவறிய குழந்தைகளைப் பிடித்து வைக்கும் கிழவி அவர்தான்! அவள் வீட்டுப் பொடியன் தலையில் குட்டிக் கொம்புகள் வேறு! நாட்டில் பாதிக்கு மேல் காடு என்றால், பிள்ளைகள் பயந்திருக்க மாட்டார்களா?

குடும்பமே கலைக்குடும்பம்! கணவராக இருந்த எய்னோ பாஸ்கின், 1980இல் 'பழைய நகர ஸ்டூடியோ' என்ற நகைச்சுவை அரங்கைத் தொடங்கியவர். 1954இல் பிறந்த மகன் ரோமன் பாஸ்கின், நடிகர், இயக்குநர்.

2006இல் ரோமன் ஒரு படம் எடுத்தார்: டூரன்மாட் என்ற நாடகாசிரியர் எழுதிய 'மூதாட்டியின் வருகை'. இளம் வயதில் தன்னை ஏமாற்றித் துரத்திய ஊருக்கு, பெரும் பணக்காரியாகத் திரும்பி வருகிறாள் கிழவி. ஒரு கால் செயற்கைக் கால், ஒரு கை தந்தத்தில் செய்தது! 'என்னை ஏமாற்றியவனைக் கொல்லுங்கள், நூறு கோடி தருகிறேன்' என்கிறாள்! அந்தப் பயங்கரக் கிழவியாக மகன் யாரை நிறுத்தினார்? 75 வயது அம்மாவை!

ரோமன் 2018இல் காலமானார். அம்மா அதற்குப் பிறகும் ஐந்து ஆண்டுகள் இருந்தார். 2023 ஆகஸ்ட் 9 அன்று, அதே தாலினில், 92 வயதில் இட்டா எவெர் விடைபெற்றார்.